டெங்கு, டிபி வந்தால் உங்கள் பெயர் யாருக்கெல்லாம் போகும்? யாருக்குப் போகக் கூடாது?

அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. ஆவடியில் வாடகை வீடு. ரத்தப் பரிசோதனை பூந்தமல்லியில் ஒரு லேபில். சென்னையின் மேற்குப் புறநகரில் இப்படி மூன்று ஊரிலும் கால் வைத்து வாழ்கிறவர்கள் ஏராளம். அப்படி ஒருவருக்கு டெங்கு என்றோ காசநோய் என்றோ ரிசல்ட் வந்தால் என்ன நடக்கும்?

அவருடைய பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாம் அரசின் சுகாதாரத் துறைக்குப் போகும். போயே ஆக வேண்டும், அதுதான் சட்டம். ஆனால் அதே தகவல் ஹவுஸ் ஓனருக்கோ, கம்பெனி சூப்பர்வைசருக்கோ, தெரு வாட்ஸ்அப் குரூப்புக்கோ போகக் கூடாது. அதுவும் சட்டம்தான்.

இந்த இரண்டுக்கும் நடுவில்தான் குழப்பம். "என் நோய் என் சொந்த விஷயம், அரசுக்கு எதற்கு?" என்று கேட்பவர்கள் ஒரு பக்கம். "பக்கத்து வீட்டில் நோய் இருந்தால் எங்களுக்குச் சொல்ல வேண்டாமா?" என்று கேட்பவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு கேள்வியும் நியாயமானவை. பதில்தான் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டியது.

அரசுக்குச் சொல்லியே ஆக வேண்டிய நோய்கள்

இந்தியாவிலேயே முதன்முதலாகப் பொது சுகாதாரத்துக்கென முழுமையான சட்டம் வந்தது சென்னை மாகாணத்தில்தான். 1939-ல் வந்த அந்தச் சட்டம்தான் இன்றும் தமிழ்நாடு பொது சுகாதாரச் சட்டம் என்ற பெயரில் நடைமுறையில் இருக்கிறது. காலராவும் பெரியம்மையும் மக்களை மிரட்டிய காலத்தில் எழுதப்பட்டது. 2020-ல் கொரோனாவும் இதன் கீழ் கொண்டுவரப்பட்டது.

'அறிவிக்கப்பட வேண்டிய நோய்' என்று அரசு பட்டியலில் சேர்த்துவிட்டால், அந்த நோயைக் கண்டுபிடிக்கும் மருத்துவர் சுகாதார அதிகாரிக்குத் தகவல் தர வேண்டும். மருத்துவர் மட்டுமல்ல. தொழிற்சாலை மேலாளர், தங்கும் விடுதி நடத்துபவர், குடும்பத் தலைவர் ஆகியோருக்கும் அந்தச் சட்டம் கடமை வைத்திருக்கிறது. இதில் கவனிக்க வேண்டியது, தகவல் யாருக்குப் போக வேண்டும் என்பதுதான். எல்லோரும் சொல்ல வேண்டியது உரிய அதிகாரிகளிடம்தான். ஊருக்கு அறிவிக்கும் கடமையை அந்தச் சட்டம் யாருக்கும் தரவில்லை.

தொற்றாத பிரச்னைகளும் பட்டியலில் வரலாம். 2024 நவம்பரில் பாம்புக்கடியைக் கூட அறிவிக்கப்பட வேண்டியதாகத் தமிழ்நாடு அரசு சேர்த்தது. எங்கே எத்தனை பேர் கடிபடுகிறார்கள் என்று தெரிந்தால்தானே விஷமுறிவு மருந்தை எந்த மருத்துவமனைக்கு எவ்வளவு அனுப்புவது என்று திட்டமிட முடியும்.

காசநோய்க்குத் தனி உத்தரவு உண்டு. 2012 மே மாதம் மத்திய அரசு அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. 2018 மார்ச்சில் வந்த அரசிதழ் அறிவிக்கை இன்னும் கடுமையானது. தனியார் மருத்துவர், லேப், காசநோய் மருந்து விற்கும் மெடிக்கல் ஷாப் என எல்லோரும் தகவல் தர வேண்டும். தராவிட்டால் இந்திய தண்டனைச் சட்டத்தின் 269, 270 பிரிவுகள் பாயலாம் என்றது அது. 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறைக்கு இடமுள்ள பிரிவுகள் அவை. 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அவை 271, 272 என எண் மாறியிருக்கின்றன.

மூன்று ஊர், மூன்று நிர்வாகம்

பொதுவான தொற்றுநோய்களுக்கு மத்திய அரசின் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் 2004 முதல் நடக்கிறது. மூன்று வகைப் படிவங்கள். அறிகுறியைப் பார்த்துக் களப்பணியாளர் கொடுப்பது 'எஸ்' படிவம். மருத்துவர் சந்தேகத்தின் பேரில் கொடுப்பது 'பி'. லேப் உறுதி செய்து கொடுப்பது 'எல்'. 2021 ஏப்ரலுக்குப் பிறகு இவை ஐ.ஹெச்.ஐ.பி. என்ற இணையதளத்துக்கு மாறிவிட்டன. காசநோய்க்குத் தனியாக 'நிக்ஷய்' தளம்.

இங்கேதான் மேற்குப் புறநகரின் சிக்கல் ஆரம்பிக்கிறது. அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. இப்போது அது 7-வது மண்டலம். சுகாதாரப் பணிகளைச் சென்னை மாநகராட்சியே பார்க்கிறது. ஆவடி 2019-ல் தனி மாநகராட்சி ஆனது. பூந்தமல்லி நகராட்சி. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டம். பஸ் ஏறினால் எல்லாம் ஒரே ஊர் மாதிரிதான். நிர்வாகத்தில் மூன்றும் வேறு வேறு.

டெங்குவை எடுத்துக்கொள்ளுங்கள். டெங்கு மனிதரிடமிருந்து மனிதருக்கு நேரடியாகத் தொற்றாது. ஏடிஸ் கொசு கடித்துத்தான் பரவும். அந்தக் கொசு பொதுவாகச் சில நூறு மீட்டருக்கு மேல் பறந்து போகாது. ஆகவே ஒருவருக்கு டெங்கு என்றால் அவர் வீட்டைச் சுற்றியுள்ள தண்ணீர்த் தொட்டி, டயர், பூந்தொட்டி, மொட்டை மாடி ஆகியவற்றை உடனே பார்க்க வேண்டும். வேலை செய்யும் இடத்தையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஏடிஸ் பகலில் கடிக்கும் கொசு.

லேபில் கொடுத்த முகவரி தப்பாக இருந்தால்? நோயாளி ஆவடியில் இருக்க, பரிசோதனை செய்த இடத்தின் முகவரியே பதிவானால்? கொசு ஒழிப்புப் பணியாளர்கள் தப்பான தெருவில் புகை அடித்துக்கொண்டிருப்பார்கள். கொசு சரியான தெருவில் நிம்மதியாக முட்டையிடும். அதனால் அரசுக்குக் கொடுக்கும் தகவல் துல்லியமாக இருப்பது நோயாளியை விட அவருடைய பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான் அதிகம் உதவும்.

எல்லா நோய்க்கும் ஒரே அளவு தகவல் தேவையா?

இல்லை. டெங்குவுக்கு முக்கியமாகத் தேவைப்படுவது இடம். வீடு எது, வேலை செய்யும் இடம் எது என்று தெரிய வேண்டும். நோயாளி யார், என்ன வேலை என்பதெல்லாம் தெருவில் யாருக்கும் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. "இந்தத் தெருவில் கொசு உற்பத்தி இருக்கிறது, தொட்டியை மூடுங்க" என்று சொன்னால் போதும்.

காசநோய்க்கு ஆள் தெரிய வேண்டும். சிகிச்சை எடுக்காத ஒரு நோயாளி ஓராண்டில் 10 முதல் 15 பேருக்குத் தொற்றைக் கொடுக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. மாத்திரையை வழக்கமாக 6 மாதம் விடாமல் சாப்பிட வேண்டும். வீட்டில் கூட இருப்பவர்களைப் பரிசோதிக்க வேண்டும், தேவைப்பட்டால் தடுப்பு மாத்திரை கொடுக்க வேண்டும். இதை எல்லாம் பெயர் தெரியாமல் செய்ய முடியாது. சத்துணவுக்காக மாதம் கொடுக்கப்படும் பணமும் நிக்ஷய் பதிவு இருந்தால்தான் வங்கிக் கணக்குக்கு வரும். 500 ரூபாயாக இருந்த அந்தத் தொகை 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாய். 2023-ல் நாடு முழுக்க சுமார் 25.5 லட்சம் காசநோயாளிகள் பதிவானார்கள். அதில் மூன்றில் ஒரு பங்கு தனியார் மருத்துவமனைகளிலிருந்து வந்த பதிவு.

எச்.ஐ.வி. கதை வேறு. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-ல், நம் சென்னையில்தான். அதைச் சுற்றி வந்த அவமானமும் ஒதுக்கலும் எவ்வளவு என்று தமிழ்நாட்டுக்கு நன்றாகத் தெரியும். அதனால் அங்கே ரகசியத்துக்குத்தான் முதல் இடம். எத்தனை சதவீதம் பேருக்குத் தொற்று இருக்கிறது என்று அறிய நடக்கும் கண்காணிப்பில், ரத்த மாதிரி யாருடையது என்று பின்னால் கண்டுபிடிக்கவே முடியாதபடி பெயர் நீக்கப்படுகிறது. பெயர் இல்லாமலும் கணக்கெடுக்க முடியும் என்பதற்கு இது உதாரணம்.

ஆக, "தகவல் கொடுக்கலாமா, கூடாதா" என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. எந்த நோய்க்கு, எந்தத் தகவல், யார் கையில், எதற்காக என்று நாலு கேள்வியாகப் பிரித்துக் கேட்க வேண்டும்.

2020 என்ன கற்றுக்கொடுத்தது?

கொரோனாவின் முதல் மாதங்களை யாரும் மறந்திருக்க முடியாது. வெளிநாட்டிலிருந்து வந்தவர்களின் வீட்டுக் கதவில் ஸ்டிக்கர். சில இடங்களில் வாசலில் தகரம். விமான நிலையத்தில் இறங்கியவர்களில் பலர் பூந்தமல்லியில் உள்ள பொது சுகாதார நிறுவன வளாகத்தில் தனிமைப்படுத்தப்பட்டார்கள். தனிமைப்படுத்துவதற்கு மருத்துவக் காரணம் இருந்தது. ஆனால் கதவில் ஒட்டிய ஸ்டிக்கர் வைரஸைத் தடுத்ததா? தெரு முழுக்க அந்த வீட்டையே பார்த்ததுதான் பலன்.

2020 மார்ச்சில் ஆழ்வார்பேட்டையில் நடிகர் கமல்ஹாசனின் முகவரியிலேயே ஸ்டிக்கர் ஒட்டப்பட்டு, அவர் அங்கே வசிக்கவில்லை என்று விளக்கம் வந்த பின் அகற்றப்பட்டது. பிரபலம் என்பதால் அந்தத் தவறு சில மணி நேரத்தில் சரியானது. சாதாரணக் குடும்பத்தின் வாசலில் தப்பாக ஒட்டப்பட்டால் யாரிடம் போய் முறையிடுவது?

இந்தப் பகுதிக்கு நெருக்கமான சம்பவம் 2020 ஏப்ரலில் நடந்தது. கொரோனாவால் சென்னையில் உயிரிழந்த நெல்லூர் மருத்துவர் ஒருவரின் உடலை அம்பத்தூர் மயானத்தில் தகனம் செய்ய எதிர்ப்பு கிளம்பியது. உடலைத் திருப்பிக் கொண்டு போக வேண்டியதாயிற்று. அடுத்த சில நாட்களில் அண்ணா நகர் பகுதியில் இன்னொரு மருத்துவரின் உடலைக் கொண்டு வந்த ஆம்புலன்ஸ் தாக்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்தது. ஏப்ரல் 26 அன்று தமிழ்நாடு அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அறிவிக்கப்பட்ட நோயால் இறந்தவரின் அடக்கத்தையோ தகனத்தையோ தடுத்தால் ஓராண்டு முதல் 3 ஆண்டு வரை சிறை. திருத்தப்பட்டது எந்தச் சட்டம் தெரியுமா? அதே 1939 பொது சுகாதாரச் சட்டம்.

அடுத்தது கோயம்பேடு. 2020 மே மாதம் மார்க்கெட்டிலிருந்து தொற்று பல மாவட்டங்களுக்குப் போனது. மார்க்கெட் மூடப்பட்டு, பூந்தமல்லியை அடுத்த திருமழிசைக்குத் தற்காலிகமாக மாறியது. யார் யார் அங்கே வந்து போனார்கள் என்று தேடிப் பிடிக்க வேண்டிய கட்டாயம். சுமை தூக்குபவர், லாரி டிரைவர், சில்லறை வியாபாரி என எல்லோரும் தாமாக முன்வந்து "நானும் போனேன்" என்று சொன்னால்தான் வேலை நடக்கும். ஆனால் 'கோயம்பேடு தொடர்பு' என்பதே ஒரு முத்திரை ஆகிவிட்ட பிறகு யார் வாய் திறப்பார்கள்?

கதவில் போஸ்டர் ஒட்டும் வழக்கம் உச்ச நீதிமன்றம் வரை போனது. போஸ்டர் ஒட்டப்பட்ட வீட்டுக்காரர்கள் தீண்டத்தகாதவர்கள் போல நடத்தப்படுகிறார்கள் என்று விசாரணையின்போது நீதிபதிகளே குறிப்பிட்டார்கள். 2020 டிசம்பர் 9 அன்று தீர்ப்பு. பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் உரிய அதிகாரி உத்தரவிட்டால் ஒழிய, எந்த மாநிலமும் அப்படிப் போஸ்டர் ஒட்டக் கூடாது.

ரகசியம் கசிந்தால் நோய் பரவும்

ரகசியத்தைக் காப்பது நோயாளிக்குச் செய்யும் சலுகை என்று நினைக்கிறோம். உண்மையில் அது நோயைப் பிடிக்கும் கருவி.

தென் கொரியத் தலைநகர் சியோலில் 2020 மே மாதம் நடந்ததைப் பாருங்கள். இதேவோன் பகுதியின் இரவு விடுதிகளில் தொற்று. அவற்றில் சில தன்பாலின ஈர்ப்பாளர்கள் வரும் விடுதிகள் என்று ஊடகங்கள் எழுதின. அடையாளம் வெளியே தெரிந்துவிடும் என்று பயந்து பலர் பரிசோதனைக்கு வரவில்லை. பெயர் சொல்லாமலே, போன் நம்பர் மட்டும் கொடுத்துப் பரிசோதனை செய்துகொள்ளலாம் என்று நகர நிர்வாகம் அறிவித்தது. அதன் பிறகு வருகை கூடியதாக நிர்வாகம் சொன்னது.

நம்ம ஊருக்கு இது எப்படிப் பொருந்தும்? ஒரே அறையில் ஆறேழு பேர் தங்கி எஸ்டேட் வேலைக்குப் போகும் இளைஞரை நினைத்துப் பாருங்கள். மூன்று வாரமாக இருமல். டிபி என்று தெரிந்தால் ரூமும் போகும், வேலையும் போகும் என்று பயம். அவர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக மாட்டார். மெடிக்கல் ஷாப்பில் இருமல் மருந்து வாங்கிக் குடிப்பார். அந்த மூன்று வாரம் மூன்று மாதம் ஆகும். அறையில் இருக்கும் மற்றவர்களின் நுரையீரலுக்கு யார் பொறுப்பு? சட்டம் எவ்வளவு கடுமையாக இருந்தாலும், பரிசோதனைக்கே வராதவரை எந்த லேபும் அறிவிக்க முடியாது.

சட்டம் ரகசியத்துக்கு என்ன பாதுகாப்பு தருகிறது?

இந்த விஷயத்தில் நாடே மேற்கோள் காட்டும் வழக்கு சென்னையில் தொடங்கியது. 1995-ல் சென்னைத் தனியார் மருத்துவமனை ஒன்றில் ரத்தம் கொடுத்த ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. தகவல் வெளியே போய், நிச்சயித்த கல்யாணம் நின்றது. அவர் வழக்குப் போட்டார். 'எக்ஸ் எதிர் மருத்துவமனை இசட்' என்று, பெயர்களை மறைத்தே உச்ச நீதிமன்றம் 1998-ல் தீர்ப்பு சொன்னது. அந்தரங்க உரிமை உண்டு, ஆனால் அது எல்லையற்றது அல்ல. மணமகளின் உயிருக்கும் உரிமை உண்டு என்றது. அதே தீர்ப்பில் அவருடைய திருமண உரிமை பற்றிச் சொன்ன பொதுவான கருத்துகள் தேவையற்றவை என்று 2002-ல் உச்ச நீதிமன்றமே சொன்னது.

2017 ஆகஸ்ட் 24 அன்று 9 நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. அதில் மருத்துவத் தகவல் பற்றியும் பேசப்பட்டது. தனி நபரின் அடையாளத்தைக் காப்பாற்றினால், பொது சுகாதாரத் திட்டமிடலுக்காக மருத்துவமனைத் தரவுகளை அரசு பயன்படுத்துவது நியாயமான நோக்கமே என்பது அதன் சாரம்.

மருத்துவர்களுக்கான 2002 நடத்தை விதிகளும் இதே வழியில்தான் போகின்றன. நோயாளியின் ரகசியத்தை வெளியிடக் கூடாது. மூன்று விலக்குகள் மட்டும்: நீதிமன்ற உத்தரவு, குறிப்பிட்ட ஒருவருக்கோ சமூகத்துக்கோ தீவிர ஆபத்து, அறிவிக்கப்பட வேண்டிய நோய். மூன்றாவதில் தகவல் போக வேண்டிய இடம் சுகாதார அதிகாரிகள்.

மிகத் தெளிவான சட்டம் எச்.ஐ.வி.க்குத்தான் இருக்கிறது. 2017-ல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கிறது. சம்மதமில்லாமல் யாரும் ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை வெளியிட முடியாது. துணைக்குச் சொல்ல வேண்டியிருந்தாலும் மருத்துவரோ ஆலோசகரோதான் சொல்லலாம். முதலில் நோயாளியே சொல்லும்படி ஆலோசனை தர வேண்டும். சொல்லப் போகிறோம் என்று அவருக்குத் தெரிவிக்க வேண்டும். அதனால் ஒரு பெண்ணுக்கு வன்முறை ஆபத்து இருக்கும் என்றால் சொல்லக் கூடாது. வேலை, வாடகை வீடு போன்றவற்றில் பாகுபாடு காட்டுவதும் தடை செய்யப்பட்டிருக்கிறது.

காசநோய்க்கு இப்படி ஒரு சட்டம் கிடையாது. இதுதான் பெரிய ஓட்டை. அறிவிக்காத மருத்துவருக்குச் சிறை உண்டு. ஆனால் டிபி என்று தெரிந்ததும் வீட்டைக் காலி செய்யச் சொல்பவருக்கு எதிராக, எச்.ஐ.வி. சட்டத்தில் இருப்பது போன்ற நேரடியான தடை இல்லை. மருத்துவத் தரவுகளுக்கெனத் தனிச் சட்டம் கொண்டுவர 2018-ல் மத்திய அரசு வெளியிட்ட 'திஷா' வரைவும் சட்டமாகவில்லை.

2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஓரளவு உதவலாம். தொற்றுப் பரவல் நேரத்தில் சிகிச்சைக்காகச் சம்மதம் இல்லாமலே தரவைப் பயன்படுத்த அது அனுமதிக்கிறது. ஆனால் தரவை வைத்திருப்பவர் அதைப் பாதுகாக்க வேண்டும். அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. முக்கியமான கடமைகள் 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும்.

கசிவு எங்கே நடக்கிறது?

ரகசியம் கசிவது என்றதும் ஹேக்கர், சர்வர் என்று யோசிக்கிறோம். புறநகர்த் தெருவில் கசிவு அப்படி நடப்பதில்லை. லேப் கவுன்டரில் எல்லோர் முன்னாலும் ரிசல்ட்டைச் சத்தமாகச் சொல்வது. ரிப்போர்ட்டை குரூப் அட்மினுக்கு 'தகவலுக்காக' அனுப்புவது. களப்பணியாளர் வழி தெரியாமல் பெட்டிக்கடையில் நின்று "அந்த டிபி பேஷன்ட் வீடு எது?" என்று கேட்பது. கடைசியில் சொன்னது கெட்ட எண்ணத்தில் கேட்பதே அல்ல. ஆனால் அந்த ஒரு கேள்வி போதும், சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும்.

பெயர் சொல்லாவிட்டாலும் அடையாளம் தெரிந்துவிடும். "இந்தத் தெருவில் 34 வயது ஆட்டோ டிரைவர்" என்று போட்டால் பெயர் எதற்கு? பெரிய ஊரில் அது தகவல். சின்னத் தெருவில் அது அடையாள அட்டை. செய்தி போடும் ஊடகங்களுக்கும் இது பொருந்தும்.

"பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரிய உரிமை இல்லையா?"

உண்டு. ஆனால் எது தெரிய உரிமை என்பதில்தான் வித்தியாசம். உங்கள் வார்டில் எத்தனை டெங்கு, போன வாரத்தை விடக் கூடியதா குறைந்ததா, உங்கள் தெருவில் மருந்து அடித்தார்களா என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. 2020-ல் சென்னை மாநகராட்சி மண்டல வாரியாகத் தினமும் எண்ணிக்கை வெளியிட்டது. அம்பத்தூரில் எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரிந்தது. யார் யார் என்று தெரிய வேண்டிய தேவை வரவில்லை.

பெயரை மறைப்பது வேறு, எண்ணிக்கையை மறைப்பது வேறு. 'நோயாளியின் ரகசியம்' என்ற காரணத்தைக் காட்டி வார்டு வாரிக் கணக்கை எந்த உள்ளாட்சியும் மறுக்க முடியாது. சரியான எண்ணிக்கை நேரத்துக்கு வெளிவந்தால் வதந்திக்கு வேலை குறையும். அதிகாரபூர்வத் தகவல் இல்லாத இடத்தில்தான் ஜனங்க வாட்ஸ்அப்பை நம்புகிறார்கள்.

காசநோய் பற்றிய பயத்துக்கும் பதில் சென்னையிலேயே இருக்கிறது. 1956-ல் சென்னையில் தொடங்கிய ஆய்வில், காசநோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு சானடோரியத்திலும் இன்னொரு பிரிவினருக்கு அவரவர் வீட்டிலும் சிகிச்சை தரப்பட்டது. நெருக்கடியான சின்ன வீடுகள்தான். இருந்தும் வீட்டுச் சிகிச்சை அதே அளவு பலன் தந்தது. கூட வாழ்ந்த குடும்பத்தாருக்கு அதனால் கூடுதல் ஆபத்து வரவில்லை. உலகம் முழுக்க காசநோயாளிகளை ஊருக்கு வெளியே ஒதுக்கும் பழக்கத்தையே மாற்றிய ஆய்வு அது. அதை நடத்திய மையம்தான் இன்று சேத்துப்பட்டில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். சரியான மாத்திரை ஆரம்பித்த சில வாரங்களில் தொற்றும் தன்மை வேகமாகக் குறைந்துவிடும். ஆபத்து, மாத்திரை சாப்பிடும் பக்கத்து வீட்டுக்காரரிடம் இல்லை. நோயை மறைத்து இருமிக்கொண்டிருப்பவரிடம்தான் இருக்கிறது.

வேலை போய்விடுமா?

இ.எஸ்.ஐ. சந்தா கட்டும் தொழிலாளர்களுக்கு ஒரு முக்கியத் தகவல். நீண்ட காலச் சிகிச்சை தேவைப்படும் 34 நோய்களுக்கு நீட்டிக்கப்பட்ட நோய்க்கால உதவி உண்டு. அதில் காசநோயும் இருக்கிறது. தகுதி இருந்தால் சம்பளத்தில் 80 சதவீதம், 2 ஆண்டு வரை கிடைக்கலாம். தொடர்ந்து இரண்டு ஆண்டு வேலையில் இருந்திருக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் உண்டு. ஒப்பந்தத் தொழிலாளர்கள் அடிக்கடி கான்ட்ராக்டர் மாறும்போது இந்தத் தகுதி கை நழுவிப் போகும் வாய்ப்பு அதிகம். உங்கள் சந்தா தொடர்ச்சியாகக் கட்டப்பட்டிருக்கிறதா என்று இப்போதே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

நீங்கள் என்ன செய்யலாம்?

* லேபில், மருத்துவமனையில் இப்போது தங்கியிருக்கும் முகவரியையே கொடுங்கள். ஆதார் முகவரி சொந்த ஊரில் இருந்தால் இரண்டையும் சொல்லுங்கள்.

* ரிப்போர்ட்டை உங்கள் நம்பருக்கு மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். ரிசல்ட்டைத் தனியாகச் சொல்லும்படி கேட்பது உங்கள் உரிமை.

* சுகாதார ஆய்வாளரோ காசநோய்ப் பணியாளரோ போன் செய்தால் நம்பரை பிளாக் செய்யாதீர்கள். அடையாள அட்டை கேளுங்கள், எதற்காகத் தகவல் என்று கேளுங்கள், பிறகு உண்மையைச் சொல்லுங்கள். வீட்டுக்கு வராமல் சுகாதார நிலையத்தில் சந்திக்கலாமா என்றும் கேட்கலாம்.

* அடுத்தவரின் ரிப்போர்ட் உங்கள் குரூப்புக்கு வந்தால் பார்வர்டு செய்யாதீர்கள்.

* சந்தேகங்களுக்கு: தமிழ்நாடு அரசின் மருத்துவ உதவி எண் 104. காசநோய்க்கு 1800-11-6666. எச்.ஐ.வி.க்கு 1097.

அரசு என்ன செய்ய வேண்டும்?

கேட்க வேண்டியவை மூன்று. ஒன்று, ஒரு நோயாளி அம்பத்தூரில் பரிசோதனை செய்து ஆவடியில் வசித்தால், தகவல் அன்றைக்கே சரியான உள்ளாட்சிக்குப் போய்ச் சேர வேண்டும். இரண்டு, பெயரும் போன் நம்பரும் களத்துக்குப் போகிற பணியாளர் கையோடு நிற்க வேண்டும். மேலே போகப் போக எண்ணிக்கை மட்டும் போனால் போதும். வார்டு வாரி எண்ணிக்கை மக்களுக்குத் தவறாமல் வர வேண்டும். மூன்று, எச்.ஐ.வி.க்கு இருக்கும் பாகுபாட்டுத் தடை காசநோயாளிக்கும் வேண்டும். தகவல் தரச் சொல்லிக் கட்டாயப்படுத்தும் அரசு, தகவல் தந்தவரின் வீட்டுக்கும் வேலைக்கும் பொறுப்பேற்காவிட்டால், நோயாளி மௌனமாக இருப்பதுதான் பாதுகாப்பு என்று முடிவெடுப்பார். அந்த மௌனத்தின் விலையைத் தெருவில் உள்ள எல்லோரும் சேர்ந்துதான் கொடுக்க வேண்டியிருக்கும்.